கான்கிரீட் வீட்டுல ராத்திரி வெக்கை தாங்கல, தளத்துக்கு மேல செய்யணுமா கீழ செய்யணுமா?

பாளை மருமகள் | மே 6, ராத்திரி 11.20

எல்லாருக்கும் வணக்கம். இங்கன நான் எழுதுறது இதுதான் முதல் தடவை. எங்க வீடு பாளையங்கோட்டை மகாராஜ நகர் பக்கம், 2011ல கட்டுனது, கீழ்த்தளம் மட்டுந்தான், 900 சதுர அடி, கிழக்க பாத்த வாசல், உள்ளயே படிக்கட்டு ஏறி மொட்டை மாடிக்குப் போகலாம். பின்னாடி மாடி எடுப்போம்னு தளத்துக்கு மேல தட்டோடு பதிக்காம வெறும் சிமெண்ட் பூச்சோட விட்டது, இன்னும் அப்படியேதான் கெடக்கு.

எங்க அத்தைக்கு 78 வயசு. காலம் பூரா கல்லிடைக்குறிச்சியில ஓட்டு வீட்டுல இருந்தவுக. கார்த்திகையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேசன் ஆயி, தை மாசத்துல இருந்து எங்ககூட இருக்காவ. மாசி வரைக்கும் ஒண்ணும் தெரியல. பங்குனி பாதியில ஆரம்பிச்சுது, இப்பம் கத்திரி வேற, ராத்திரி 12 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டாலும் சூடு கையில ஏறுது, ஃபேன் போட்டா அந்த வெக்கையத்தான் அள்ளி மேல கொட்டுது. நாங்களாவது எந்திரிச்சு வாசப்படியில போய் உக்காந்துக்கிடலாம், அவுக கட்டிலோட கெடக்கணும். "என்னைய ஊர்ல கொண்டு விட்டுருங்க, அங்கன இந்த அவிச்சல் கெடையாது"ன்னு தினமும் சொல்லுதாவ, கேக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆயிருது.

உள்ரூம்ல ஏசி ஒண்ணு இருக்கு, அத்தைக்கு ஒத்துக்கல, இடுப்பு வலி கூடுதுங்காவ. ஃபால்ஸ் சீலிங் போட ஒருத்தர் வந்து அளந்துட்டுப் போயிருக்காரு, எங்க வீட்டுக்காரவுகளுக்கு அதுலதான் விருப்பம். போடலாமா? ஓட்டு வீட்டுல இல்லாத வெக்கை கான்கிரீட் வீட்டுல மட்டும் ஏன்? தெரிஞ்சவுக சொல்லுங்க.


கொக்கிரகுளத்தான் | மே 7, காலை 6.05

தங்கச்சி, அட்வான்ஸ் ஏதும் குடுத்துராதிய, கொஞ்சம் பொறுங்க. நான் சிவில் படிச்சு 20 வருசமா கட்டட வேலையில இருக்கேன்.

முதல்ல வெக்கை எங்கருந்து வருதுன்னு பாத்துருவோம். நம்ம ஊரு கிட்டத்தட்ட 8.7 டிகிரி வடக்க இருக்கு. சித்திரை பொறக்கதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முந்தி உச்சிப்பொழுதுல சூரியன் நேரா தலைக்கு மேல வந்து நிக்கும், கம்பு நட்டா நிழலே விழாது. அதுக்குப் பொறவு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் சூரியன் நமக்கு வடக்கதான் நடக்கும். அதனால இந்த மாசம் தெக்குச் சுவத்துல நேர் வெயிலே படாது, கிழக்கு மேற்குச் சுவரு ஆளுக்கு அரை நாள் வாங்கும், தளம் மட்டும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மல்லாக்கப் படுத்துக்கிட்டு முழு வெயிலையும் வாங்கும். ஒத்தத் தளம் உள்ள வீட்டுக்கு தளத்தை விட்டுட்டு வேற எதுல செலவு பண்ணாலும் பாதிப் பலன்தான்.

ரெண்டாவது, 5 இன்ச் கான்கிரீட் சூட்டை உடனே விடாது, பகல் பூரா குடிச்சு வச்சுக்கிட்டு சில மணி நேரம் கழிச்சுதான் கீழ இறக்கும். வெயில் சாஞ்சு நாம உக்காரும்போதுதான் அது வேலையக் காட்டும். அத்தை வீட்டு ஓடு ஒரு இன்ச்சுக்கும் கொறஞ்ச கனம், வெயில் போனதும் அதுவும் ஆறிரும், சூட்டைச் சேத்து வைக்க அதுல ஒண்ணும் கெடையாது, ஓட்டுச் சந்து வழியா மேல சேந்த வெக்கையும் வெளிய போயிரும். அதுதான் வித்தியாசம்.

இது மூணும் சொல்லுங்க: தளத்துக்கு மேல இப்பம் பூச்சு என்ன நெறம், 2023 டிசம்பர் மழையில எங்கயாவது ஒழுகுச்சா, அத்தை கட்டில் எந்தச் சுவத்து ஓரம் கெடக்கு?


பாளை மருமகள் | மே 7, மத்தியானம் 2.10

அண்ணாச்சி, பூச்சு கருத்துப் போய் கெடக்கு, பாசி காஞ்ச கறுப்பு. 2023 டிசம்பர் 17, 18 ரெண்டு நாளும் மாடியில தண்ணி தேங்கி நின்னுச்சு, வடமேக்கு மூலையில சீலிங்ல ஈரம் படிஞ்சு கொஞ்சம் சொட்டவும் செஞ்சுது, அதுக்கப்புறம் இல்ல. கட்டில் மேக்குச் சுவத்து ஓரம்தான், பாத்ரூம் பக்கம்னு அங்கன போட்டோம்.


தென்காசி சாரல் | மே 7, மத்தியானம் 3.30

ஃபால்ஸ் சீலிங் போட்டு அனுபவப்பட்டவன் நான், அதனால சொல்லுதேன். மாடி ரூமுக்கு ஜிப்சம் போர்டு போட்டேன், போட்டுக் குடுத்த ஆளு ஏசியே வேண்டாம்னு சொன்னாரு. பகல்ல கொஞ்சம் தேவலதான். ஆனா ராத்திரி 9 மணிக்கு மேல எப்பவும் போலத்தான் புழுக்கம், தளத்துக்கும் போர்டுக்கும் நடுவுல அடைபட்ட வெக்கை போக வழியில்லாம பைய பைய கீழ இறங்குது. ரூம் உயரம் அரை அடி கொறஞ்சுது, ஃபேன் தலைக்குப் பக்கத்துல வந்துட்டு, சுவத்து உச்சியில இருந்த வென்டிலேட்டர் ரெண்டும் போர்டுக்கு மேல போயி மறஞ்சுது. ஐப்பசி மழையில தளம் கசிஞ்சது ஒரு மாசம் தெரியாமலே இருந்து, போர்டு உப்பி மஞ்சளா பூத்த பொறவுதான் தெரிஞ்சுது. உங்களுக்கு ஏற்கனவே ஒரு மூலை கசிஞ்சிருக்கு, தயவு செஞ்சு அதை மூடி மறைக்காதிய.


பேட்டை வாசி | மே 7, மாலை 5.45

எல்லாரும் ஃபால்ஸ் சீலிங்கத் திட்டுதாவ, எங்க கடையில போட்டு நல்லாத்தான் இருக்கு. மேல ராக்வுல் (கல்லுல செய்யுற பஞ்சு, சூட்டைத் தடுக்கும்) விரிச்சு கீழ போர்டு, ஏசி ஓடுற எடம், முன்னெல்லாம் ஏசி நிக்காம ஓடும், இப்பம் அடிக்கடி கட் ஆகுது. பலன் இல்லேன்னு சொல்லிறக் கூடாது.


கொக்கிரகுளத்தான் | மே 7, ராத்திரி 9.15

பேட்டைத் தம்பி சொல்லுறதும் சரிதான், நான் மறுக்கல. கதவச் சாத்தி ஏசி ஓடுற எடத்துக்கு ராக்வுல் வச்ச சீலிங் பலன் குடுக்கும். தங்கச்சி வீட்டுல கதை வேற, அவுகளுக்கு ஏசி இல்லாம ராத்திரி தூங்கணும். தளத்துக்குக் கீழ எதைக் கட்டினாலும் கான்கிரீட் வெயில்லதான் கெடக்கும், நாம அதுக்கும் நமக்கும் நடுவுல ஒரு திரை போடுதோம், அவ்வளவுதான். தளத்துக்கு மேல தடுத்தோம்னா கான்கிரீட்டே வெயிலப் பாக்காது, ராத்திரி ஜன்னலத் தொறந்து விட்டா அதே கனமான தளம் குளிர்ச்சியச் சேத்து வச்சு மறுநாள் மத்தியானம் வரைக்கும் நமக்குக் குடுக்கும். ஒரே கான்கிரீட்டுதான், தடுப்ப எந்தப் பக்கம் வைக்கோமோ அதைப் பொறுத்து எதிரியாவும் இருக்கும் சொந்தமாவும் இருக்கும்.

அத்தைகிட்ட ஒண்ணு கேளுங்க, கல்லிடைக்குறிச்சி வீட்டுல மச்சு இருந்துச்சான்னு. பழைய வீடுகள்ல ஓட்டுக்குக் கீழ பலகை அடிச்சு மச்சு வச்சிருப்பாவ. அதுதான் நெசமான ஃபால்ஸ் சீலிங், ஏன்னா மேல ஓட்டுச் சந்துலயும் ரெண்டு முகப்புலயும் காத்து போயிட்டு வந்துட்டு இருக்கும். இப்ப போடுற சீலிங்ல காத்து போக வழி வைக்கிறதே கெடையாது.


பாளை மருமகள் | மே 8, காலை 7.40

கேட்டேன் அண்ணாச்சி. பட்டாசலுக்கு (நடுக்கூடத்துக்கு) மேல பூரா மச்சுதானாம், நெல்லு, புளி, வெங்கலப் பானை எல்லாம் அங்கனதான் இருக்குமாம். அத்தை அரைமணி நேரம் அந்த வீட்டப் பத்திச் சொன்னாவ, ரொம்ப நாளைக்கு அப்புறம் இவ்வளவு பேசுனது. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு தார்சா (முன் வராந்தா) கதவு, புறவாசக் கதவு ரெண்டையும் தொறந்து போட்டு முத்தத்துல தண்ணி தெளிச்சு விட்டுருவாகளாம், பகல்ல பத்து மணிக்கு மேல தெருப்பக்க ஜன்னல் ஒண்ணு கூட தொறந்து இருக்காதாம். நாங்க இங்க நேர் எதிரா செய்தோம், பகல் பூரா காத்து வரட்டும்னு தொறந்து வச்சுட்டு ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்திருதோம்.


கொத்தனார் மகன் | மே 8, ராத்திரி 10.30

அக்கா, எங்க அப்பா காலத்துல தளம் போட்டு முடிச்சா வெதரிங் கோர்ஸ் போடாம யாரும் குடி போக மாட்டாவ. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 இன்ச் கனத்துக்குப் போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறப் போட்ட தண்ணியத் தெளிச்சு, பொம்பளையாளுக வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா தட்டுவாவ, தட்டத் தட்டத்தான் அது இறுகி வாட்டம் (தண்ணி ஓடுற சரிவு) புடிக்கும், அதுக்கு மேல தட்டோடு. வெயிலுக்கும் அதுதான் மழைக்கும் அதுதான். இப்பம் தட்டத் தெரிஞ்ச ஆளு கெடைக்கது கஷ்டம், சுண்ணாம்புக்குப் பதிலா சிமெண்டக் கலந்து ஒரே நாள்ல பூசிட்டுப் போயிருதாவ, அது வெடிக்காம என்ன செய்யும்.

இன்னொன்னு, அது பாரம். ஓடு சேத்து சதுர அடிக்கு 15 கிலோவுக்கு மேல வரும், உங்க 900 அடிக்கு 13 டன் பக்கம். பின்னால மாடி எடுக்கப் போறியன்னா அவ்வளவையும் பேத்து எடுக்கணும். மாடி எடுக்கப் போறியளா இல்லியான்னு வீட்டுல முதல்ல முடிவு பண்ணுங்க.


ஷார்ஜா நெல்லைக்காரன் | மே 9, காலை 12.50

இங்க கட்டடம் எல்லாத்துலயும் தளத்துக்கு மேல எக்ஸ்பிஎஸ் போர்டு விரிச்சுதான் விடுவாங்க. கெட்டியான நுரை போர்டு, தெர்மோகோல் மாதிரி குருணை குருணையா இருக்காது, தண்ணி குடிக்காது, மேல ஆள் நடந்தாலும் அமுங்காது. 2 இன்ச் போர்டு தடுக்கிற சூட்டை வெறும் கான்கிரீட்டாலயே தடுக்கணும்னா சுமார் எட்டடி கனத்துக்குப் போடணும். பாரமும் கெடையாது. அதுக்கு மேல மெல்லிசா கான்கிரீட் போட்டு வெள்ளை டைல்ஸ் ஒட்டிரலாம். ஊர்ல வாங்கும்போது சாதா தெர்மோகோலைக் கையில குடுத்து அனுப்பிருவாங்க, வெட்டுன ஓரத்தைப் பாத்து வாங்குங்க.


கொக்கிரகுளத்தான் | மே 9, காலை 6.20

சரியான பொருள்தான். ஆனா தங்கச்சி வீட்டுல அதுக்கு முந்தி தண்ணி கசியிறதை நிறுத்தணும், வாட்டம் சரி பண்ணணும். ஈரத்தை உள்ள வச்சு மேல போர்டப் போட்டு மூடினா கம்பி துருப்புடிக்கும், எங்க கசியுதுன்னு கண்டுபுடிக்கவே முடியாது. அது ஆவணிக்கு மேல நிதானமா செய்யுற வேலை. அத்தைக்கு இந்த வாரமே தூக்கம் வரணும், அதுக்கு வழி சுண்ணாம்பு.

கறுத்த தளத்தை வெள்ளையாக்குங்க. மேல விழுற வெயில்ல பெரும்பங்கை அது வந்த வழியே திருப்பி அனுப்பிரும், கான்கிரீட்டுக்குள்ள ஏறவே ஏறாது.


கொத்தனார் மகன் | மே 9, காலை 8.00

சுண்ணாம்பு அடிக்கிற வெவரம் நான் சொல்லுதேன் அக்கா. முதல்ல கம்பி பிரசு போட்டு பாசியத் தேச்சு எடுத்து நல்லாக் கழுவிருங்க, பாசிக்கு மேல அடிச்சா ஒரு வாரத்துல உரிஞ்சு வந்துரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு கெடச்சா நல்லது, ராத்திரியே ஊறப்போட்டு துணியில வடிகட்டி, அதுல கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் பசையும் கலந்துக்கிடுங்க. சாயங்காலம் வெயில் தாந்த பொறவு தளத்தை ஈரமாக்கிட்டு அடிக்கணும், மொட்டை வெயில்ல அடிச்சா பொடிப்பொடியா போயிரும். மூணு கோட்டிங். கண்ணுல சுண்ணாம்பு தெறிக்காம பாத்துக்கிடுங்க, தெறிச்சா உடனே நெறைய நல்ல தண்ணி விட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது ஒரு கோடைக்குத்தான் நிக்கும், ஐப்பசி மழையில கரைஞ்சிரும். கடையில விக்கிற கூல் ரூஃப் பெயிண்ட் வருசக்கணக்கா நிக்கும், வெலையும் அதுக்குத் தக்கன இருக்கும்.


உடன்குடி கடலோரம் | மே 9, மாலை 4.15

எங்க பக்கம் மாடியில கீத்துப் பந்தல் போடுவோம், அத மாதிரி குளிர்ச்சி எதுலயும் வராது. அதையும் யோசிங்க.


தென்காசி சாரல் | மே 9, மாலை 5.00

அண்ணாச்சி, குளிர்ச்சி உண்மைதான், ஆனா ஆனி ஆடியில இந்த மேக்காத்து அடிக்கிற அடியில பந்தல் நிக்குமா? ஆரல்வாய்மொழியிலயும் கயத்தாத்துலயும் காத்தாடி சுத்துறதே இந்தக் காத்துலதான. பச்சை வலை கட்டினவுக வலை ரெண்டு தெரு தள்ளி கெடந்ததப் பாத்திருக்கேன். பக்கத்து வீடு ஒட்டி இருக்க எடத்துல காஞ்ச கீத்துக்கு தீ பயமும் உண்டு. கட்டினா வைகாசி கடைசியில அவுத்துரணும்.


நர்ஸ் தங்கச்சி | மே 9, ராத்திரி 9.50

வீட்டு வேலை எனக்குத் தெரியாது மைனி, அத்தையப் பத்தி மட்டும் சொல்லுதேன். வயசானவுகளுக்கு தாகம் சரியாத் தெரியாது, வேர்க்கவும் கொறச்சலாத்தான் வேர்க்கும். அவுக கேக்காமலே மணிக்கு ஒரு தடவை தண்ணியோ மோரோ நீராகாரமோ குடுங்க. பிரசருக்கு நீர் போற மாத்திரை சாப்பிட்டாவன்னா எவ்வளவு தண்ணி குடுக்கலாம்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. ரொம்ப வெக்கையா இருக்க நேரம் ஃபேன் மட்டும் போட்டா பத்தாது, கையி காலு கழுத்தை ஈரத்துணியால தொடச்சு விட்டு ஃபேன் போடுங்க, அப்பதான் ஒடம்பு ஆறும். திடீர்னு ஆளு மாறிப் பேசுனாவ, ஒடம்பு நெருப்பா கொதிக்குன்னா ராத்திரின்னு பாக்காதிய, ஈரத்துணியப் போத்திக்கிட்டே 108க்கு அடிங்க.

கட்டில்ல படுத்தே கெடக்கவுகளுக்கு முதுகுல வேர்வை தேங்கி புண்ணு வரும். ரெக்சின் உறை போட்ட மெத்தைன்னா அதுக்கு மேல பருத்தி விரிப்பு ரெண்டு மடிப்பா விரிங்க, ரெண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்க வையிங்க.


கொக்கிரகுளத்தான் | மே 10, காலை 6.30

இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு, தளத்தை விட இதுதான் முக்கியம்.

காத்து விசயம் ரெண்டு சொல்லிருதேன். கட்டிலை மேக்குச் சுவத்துல இருந்து எடுத்து தெக்குச் சுவத்து ஓரம் போடுங்க, காசு செலவில்லாத வேலை. அந்த மேக்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கோரைப் பாயோ மூங்கில் தட்டியோ தொங்க விடுங்க. உள்ளுக்குள்ள திரை போட்டா கண்ணாடியத் தாண்டி வந்த வெயிலு வந்ததுதான், அது உள்ளயே நின்னுரும்.

உங்களுக்கு உள் படிக்கட்டு இருக்கு பாருங்க, அது பெரிய வரம். ராத்திரி மாடிப்படிக் கூண்டுக் கதவைத் தொறந்து, அத்தை கட்டில் பக்கத்து ஜன்னலைத் தொறந்து, மத்த ஜன்னலைச் சாத்திருங்க. சூடான காத்து தானா மேல ஏறிப் போகும், அந்த எடத்துக்கு வெளிக்காத்து அத்தை மேல உரசிக்கிட்டுதான் உள்ள வந்தாகணும். எல்லா ஜன்னலையும் தொறந்தா காத்து சும்மா படிக்கட்டுக்குப் பக்கத்து ஜன்னல் வழியா வந்து போயிரும், அத்தைக்கு ஒண்ணும் கெடைக்காது. பத்தலைன்னா கூண்டுச் சுவத்துல 12 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு. கள்ளன் பயத்துக்கு கிரில் கதவு, கொசுவுக்கு வலை, வலைய மாசம் ஒரு தடவை கழுவணும், தூசி அடைச்ச வலையில காத்து பாதி கூட வராது.


உடன்குடி கடலோரம் | மே 10, காலை 9.10

ஏர்கூலர் வாங்கலாமா? எங்க பக்கம் ஒதவாது, கடல் ஈரத்துல பிசுபிசுன்னு ஆயிரும். பாளையில காஞ்ச வெக்கைதான?


கொக்கிரகுளத்தான் | மே 10, காலை 9.40

மே மாசம் பாளையில ஒரு மட்டுக்கு வேலை செய்யும் அண்ணாச்சி, ஜன்னல் தொறந்து இருக்கணும். ஆனா நாளு பூரா தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும், அவுக வீட்டுல அத்தையப் பாக்கவே ஆளு பத்தாது.


பாளை மருமகள் | மே 31, மாலை 6.50

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தையில சொல்லிற முடியாது. செஞ்சத எழுதுதேன்.

மே 11 அன்னைக்கே கட்டில மாத்திட்டோம். மாடிப்படிக் கூண்டுக்கு கிரில் போட நாலு நாள் ஆச்சு, அது வரைக்கும் வீட்டுக்காரவுக அந்தப் படியிலயே பாய விரிச்சுப் படுத்து கதவைத் தொறந்து வச்சாவ. பாசி தேய்க்க ரெண்டு நாள், சுண்ணாம்பு மூணு சாயங்காலம், நானும் அவுகளும் எங்க மகனும் சேந்துதான் அடிச்சோம். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம்னு அவுகளே போன் பண்ணிச் சொல்லிட்டாவ.

முதல் நாள் ஒண்ணும் தெரியல, எனக்கு மனசே விட்டுப் போச்சு. ரெண்டாவது ராத்திரி 11 மணிக்கு அத்தை கூப்பிட்டாவ, பயந்து ஓடினா, போர்வை எடுத்துக் குடுங்காவ. விடிகாலையில காத்து படுதாம். அந்தப் போர்வைய மடிச்சுக் குடுக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிட்டு.


பேட்டை வாசி | மே 31, ராத்திரி 8.20

கேக்க சந்தோசமா இருக்குக்கா. ஒரு சந்தேகம், கேட்டா தப்பா நெனைக்காதிய. கத்திரி முடிஞ்சுட்டு, மேக்காத்தும் எடுத்துட்டு, குத்தாலத்துல சாரல் விழுதுங்காவ. சுண்ணாம்பாலதான் கொறஞ்சுதா, காத்தாலயான்னு எப்படிச் சொல்லுதிய?


பாளை மருமகள் | மே 31, ராத்திரி 10.05

தம்பி, நானும் அதைத்தான் யோசிச்சேன். தார்சாவுக்கு மேல உள்ள தளத்துக்கு சுண்ணாம்பு பத்தாம விட்டுப் போச்சு, இன்னும் கறுப்பாத்தான் கெடக்கு. எங்க மச்சினர் கம்பெனியில இருந்து சூடு பாக்குற துப்பாக்கி மாதிரி கருவி கொண்டு வந்தாவ. நேத்து சாயங்காலம் 6 மணிக்கு ரெண்டு எடத்துலயும் சீலிங்ல அடிச்சுப் பாத்தோம். தார்சாவுல 42, அத்தை ரூம்ல 36. ஒரே வீடு, ஒரே நேரம், ஒரே காத்து. ராத்திரி 10 மணிக்குப் பாத்தா 38, 33. படிக் கூண்டு தொறந்தா எவ்வளவு கொறையுதுன்னு தனியா அளக்கத் தெரியல, ஆனா அதைச் சாத்தினா அத்தை அஞ்சு நிமிசத்துல கண்டுபுடிச்சிருதாவ.


கொக்கிரகுளத்தான் | ஜூன் 1, காலை 6.15

இதைவிட நல்ல சோதனை காலேஜ்லயும் செய்ய மாட்டாவ தங்கச்சி. அந்தத் தார்சாத் தளத்தையும் அடிச்சு முடிச்சிருங்க. அந்தக் கருவி சுண்ணாம்பு, சிமெண்டுல சரியாக் காட்டும், பளபளன்னு இருக்க தகரத்துலயோ ஃபாயில்லயோ அடிச்சா தப்பாக் காட்டும், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க.

அடுத்து எக்ஸ்பிஎஸ் வேலைய ஆவணி பொறந்ததும் ஆரம்பிச்சு மழைக்கு முந்தி முடிச்சிரணும். மாடி எடுக்கிறத முடிவு பண்ணிட்டியளா?


பாளை மருமகள் | ஜூன் 1, காலை 10.30

மாடி எடுக்கல அண்ணாச்சி, பேசி முடிவு பண்ணியாச்சு. அத்தை ஊருக்குப் போறதப் பத்தியும் இப்பம் பேசல, ஆவணியில ஒரு நாள் காருல கூட்டிட்டுப் போயி வீட்டக் காட்டிட்டு வரலாம்னு இருக்கோம்.


கொத்தனார் மகன் | ஜூன் 1, ராத்திரி 9.40

அக்கா, அப்பாகிட்ட சொன்னேன், ஆவணியில அவுகளே வந்து நின்னு வாட்டம் புடிச்சுத் தாரேன்னு சொல்லிட்டாவ. அதுக்கு முந்தி நீங்க ஒண்ணு செய்யுங்க. வெயில் தாந்த பொறவு மாடியில ரெண்டு மூணு குடம் தண்ணிய ஊத்தி விட்டு அரைமணி நேரம் கழிச்சுப் போயி பாருங்க. எங்கெங்க தேங்கி நிக்கோ அதைச் சுத்தி அடுப்புக்கரியால கோடு போட்டு வையிங்க. அப்பா வந்ததும் அதைத்தான் முதல்ல கேப்பாவ.


பாளை மருமகள் | ஜூன் 2, மாலை 7.15

ஊத்திப் பாத்தாச்சு தம்பி. வடமேக்கு மூலையில ஒரு தாம்பாளம் அகலத்துக்கு, தண்ணி போற குழாய் வாய்கிட்ட கையகலத்துக்கு ஒண்ணு. வெள்ளைத் தளத்துல கரிக்கோடு நல்லாத் தெரியுது, போட்டோ நாளைக்குப் பகல்ல எடுத்துப் போடுதேன்.